பச்சைக்கு நடுவில்தான் நிற்கிறேன், மனம் ஏன் ஆறவில்லை?

திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதுகிறார்:

“டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எனக்கு வயது 48. கடைமடையில் நான்கு ஏக்கர் நிலம், எல்லாம் நெல். கஜா புயலில் நாற்பது தென்னை சாய்ந்துவிட்டது. ஒரு வருடமாக விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, பிறகு தூக்கமே இல்லை. நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது. ஈ.சி.ஜி., எக்கோ எல்லாம் எடுத்தாயிற்று, இதயத்தில் கோளாறு இல்லை என்கிறார்கள். மேட்டூர் நீர்மட்டத்தை ஒரு நாளைக்குப் பத்து முறையாவது கைபேசியில் பார்க்கிறேன். நர்சிங் படிக்கும் என் மகள், இயற்கையோடு நேரம் செலவிட்டால் மனப் பதற்றம் குறையும் என்று சொல்கிறாள். நான் பிறந்ததிலிருந்து வயலில்தானே நிற்கிறேன்? எனக்கு ஏன் குறையவில்லை? மருந்துக் கடையில் தூக்க மாத்திரை வாங்கிப் போட்டுப் பார்த்தேன். சில நாள் இருந்து என்ன பயன் என்றுகூடத் தோன்றுகிறது. ஒரு வழி சொல்லுங்கள்.”

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தின் கடைசிக்கு முந்தைய வரியிலிருந்துதான் நான் தொடங்க வேண்டும். ‘இருந்து என்ன பயன்’ என்ற எண்ணம் வருவதை மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு உங்களுக்கு நன்றி சொல்கிறேன். அந்த எண்ணம் உங்கள் குணத்தைப் பற்றியோ மனத்திடத்தைப் பற்றியோ எதையும் சொல்லவில்லை. மாதக்கணக்கில் தூக்கம் கெட்டு, பதற்றத்தில் தேய்ந்துபோன மூளை காட்டும் நோய்க்குறி அது, காய்ச்சலில் உடம்பு கொதிப்பதைப் போல. இதை இன்றைக்கே உங்கள் மனைவியிடமோ மகளிடமோ வாய்விட்டுச் சொல்லுங்கள். வீட்டில் இருக்கும் பூச்சிமருந்துகளை எல்லாம் எடுத்து, சாவி உங்கள் கையில் இல்லாத இடத்தில், தம்பி வீட்டிலோ நம்பகமான உறவினர் வீட்டிலோ பூட்டி வைக்கச் சொல்லுங்கள். தெளிப்பு நாளில் வேண்டிய அளவு மட்டும் வாங்கிக்கொள்ளலாம். எண்ணம் தீவிரமாகும் நேரத்தில் 14416 என்ற எண்ணை அழைத்தால் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேச ஆள் இருக்கிறார்கள், கட்டணம் கிடையாது. 104 எண்ணும் உண்டு. இந்த வாரத்திற்குள் திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போய் வாருங்கள். நான் கீழே எழுதப்போகும் எதுவும் அந்தப் பயணத்திற்கு மாற்றாகாது.

இனி நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். நேர்மையான கேள்வி அது. தஞ்சையிலும் கும்பகோணத்திலும் இத்தனை ஆண்டுகளில் நான் பார்த்த விவசாயிகளில் பலர் இதே குழப்பத்தோடு என் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். பசுமை மனத்திற்கு நல்லது என்றால், பசுமைக்கு நடுவிலேயே வாழும் நாங்கள் ஏன் இப்படி இருக்கிறோம் என்று கேட்பார்கள்.

உங்கள் மகள் வகுப்பில் கேட்டது பொய்யில்லை. 1984இல் ரோஜர் உல்ரிச் என்ற அமெரிக்க ஆய்வாளர், பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் பழைய பதிவேடுகளைப் புரட்டினார். சன்னல் வழியே மரங்கள் தெரிந்த அறையில் இருந்தவர்கள், செங்கல் சுவர் மட்டுமே தெரிந்த அறையில் இருந்தவர்களைவிடச் சற்று முன்னதாகவே வீடு திரும்பியிருந்தார்கள்; கடுமையான வலி மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டிருந்தன. 2015இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 38 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவைப் புல்வெளியும் மரங்களும் உள்ள பாதையிலும், மற்றதை வாகனங்கள் நெரியும் சாலையோரத்திலும் தொண்ணூறு நிமிடம் நடக்கவிட்டார்கள். மரங்களுக்கிடையே நடந்தவர்களிடம், நடந்து முடித்தபின், ஒரே கவலையைத் திரும்பத் திரும்ப மென்றுகொண்டிருக்கும் பழக்கம் குறைந்திருந்தது. அந்த மெல்லலோடு தொடர்புடைய மூளைப் பகுதியின் இயக்கமும் தணிந்திருந்தது. சாலையில் நடந்தவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. நீங்கள் மூன்று மணிக்கு எழுந்து படுக்கையில் கிடந்து செய்வது அந்த மெல்லல்தான் என்பதால் இந்த ஆய்வைச் சொல்கிறேன்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே நடந்தவர்களில் யாருக்கும் அந்தப் புல்வெளி சொந்தமில்லை. அந்தப் புல் கருகினால் அவர்களுக்குக் கடன் ஏறாது. மழை வந்தால் சட்டை நனையும், அவ்வளவுதான்.

உங்களுக்கு அப்படி இல்லை. நீங்கள் வரப்பில் நடக்கும்போது உங்கள் கண் என்ன செய்கிறது என்று நினைத்துப் பாருங்கள். வரப்போரம் சேறு புதிதாகக் குவிந்திருந்தால் நண்டு வளையா என்று குனிந்து, விரலை விட்டு, நீர் எந்தப் பக்கம் கசிகிறது என்று பார்க்கிறீர்கள். தூரைப் பிளந்து அடியில் புகையான் பூச்சி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கிறீர்கள். ஓர் இலை சுருண்டிருந்தால் அதைப் பிரித்து உள்ளே புழு இருக்கிறதா என்று பார்க்காமல் உங்களால் கடந்துபோக முடியாது. வாய்க்காலைப் பார்த்தால், தலைமடையில் எத்தனை பேர் பாய்ச்சி முடித்திருப்பார்கள், நம் முறை வருவதற்குள் தண்ணீரை நிறுத்திவிடுவார்களா என்ற கணக்கு ஓடுகிறது. கிழக்கே மேகம் கருத்தால் ஊரில் மற்றவர்களுக்குக் குளிர்ச்சி. அறுவடை நேரத்தில் உங்களுக்கோ கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் அனுமதித்த 17 சதவீதத்தைத் தாண்டிவிடுமே என்ற திகில். 2023 பிப்ரவரியில் அறுவடைக்கு நின்ற சம்பாவை மழை சாய்த்ததைப் பார்த்தவர்களுக்கு அந்தத் திகில் வீணானதென்று சொல்ல எனக்கு வாய் வராது.

மனம் கவனிப்பதில் இரண்டு விதம் உண்டு. ஒன்று, முனைப்போடு குவிக்கும் கவனம். கணக்குப் போடுவது, ஆபத்தைத் தேடுவது, தவறு நடக்காமல் காப்பது எல்லாம் இதில் சேரும். இது உழைப்பு, உழைத்தால் களைக்கும், களைத்தால் எரிச்சலும் மறதியும் வரும். மற்றொன்று, நாம் எதுவும் செய்யாமலேயே தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும் கவனம். ஓடும் நீர், ஆடும் இலை, பறவையின் அசைவு இவற்றின்மேல் அது மெதுவாகத் தங்கும், அந்த நேரத்தில் முதல் கவனம் ஓய்வெடுக்கும். ரேச்சல் கப்லான், ஸ்டீபன் கப்லான் என்ற உளவியல் தம்பதியர் 1980களில் இதை விரிவாக எழுதினார்கள். அன்றாடக் கடமைகளிலிருந்து விலகியிருக்கும் உணர்வு கிடைக்காத இடத்தில் இந்த ஓய்வு முழுதாகக் கிடைப்பதில்லை என்பதையும் அவர்கள் அதிலேயே சொல்லியிருந்தார்கள். உங்கள் நான்கு ஏக்கர் உங்களுக்குப் பணியிடம். வங்கி ஊழியருக்கு அவருடைய மேசை எப்படியோ, உங்களுக்கு வயல் அப்படி. மேசைக்கு மேல் பச்சைப் பெயின்ட் அடித்தால் அவருக்குக் களைப்பு தீராது. அதேபோலத்தான் உங்களுக்கும், பயிர் எவ்வளவு பச்சையாக இருந்தாலும்.

இதற்கு நம்மிடமே ஒரு சாட்சி இருக்கிறது. ஆடிப்பதினெட்டு அன்று நீங்களும் குடும்பத்தோடு ஆற்றங்கரைக்குப் போயிருப்பீர்கள். காப்பரிசியும் காதோலை கருகமணியும் வைத்துப் படைத்துவிட்டு, சிறுவர்கள் சப்பரம் இழுக்க, சித்திரான்னத்தைப் பங்கிட்டுக்கொண்டு படித்துறையில் உட்கார்ந்திருப்பீர்கள். அன்றைக்கு ஓடுவதும் அதே தண்ணீர்தான். ஆனால் மதகில் எத்தனை அடி என்று அன்று நீங்கள் அளந்திருக்க மாட்டீர்கள். என் நோயாளிகளிடம், கடைசியாக நெஞ்சு லேசாக இருந்தது எப்போது என்று கேட்டால், விவசாயிகளில் கணிசமானோர் யோசித்துவிட்டு ‘பதினெட்டாம் பெருக்கு அன்னிக்கு’ என்கிறார்கள். பண்டிகையும் உறவினரும் கூட அதற்குக் காரணம் என்பதை மறுக்கவில்லை. ஆயினும் ஆற்றைக் கணக்கில்லாமல் பார்த்த நாள் அது என்பதைச் சொன்னதும் அவர்கள் முகம் மாறுவதைக் கண்டிருக்கிறேன்.

ஆகவே நான் உங்களிடம் கேட்பது, வயலில் நிற்கும் நேரத்தைக் கூட்ட வேண்டும் என்பதல்ல. உங்களிடம் எதையும் கேட்காத ஓர் இடத்தில், திறந்த வெளியில், தினமும் இருபதிலிருந்து முப்பது நிமிடம் இருக்கப் பழகுங்கள். 2019இல் அமெரிக்காவின் மிச்சிகனில் நகரவாசிகளிடம் எட்டு வாரம் நடந்த ஆய்வில், உமிழ்நீரில் அளந்த கார்ட்டிசால் என்ற மன அழுத்த இயக்குநீர், வெளியில் செலவிட்ட முதல் இருபது முப்பது நிமிடத்தில்தான் வேகமாக இறங்கியது. அதற்குமேல் இருந்தாலும் பலன் உண்டு, வேகம் மட்டும் குறைகிறது. அதே ஆண்டில் இங்கிலாந்தில் ஏறத்தாழ இருபதாயிரம் பேரின் விவரங்களை வைத்துச் செய்த கணக்கில், வாரத்துக்கு மொத்தம் 120 நிமிடமாவது இயற்கைச் சூழலில் கழித்தவர்கள் நல்ல உடல்நலமும் மனநிறைவும் இருப்பதாகச் சொல்வது கூடுதலாக இருந்தது. ஒரே நாளில் கழித்தாலும் பிரித்துக் கழித்தாலும் வேறுபாடு தெரியவில்லை. இந்த இரண்டாவது ஆய்வை நான் கொஞ்சம் நிதானத்தோடுதான் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் உடம்பும் மனமும் நன்றாக இருப்பவர்கள்தாம் இயல்பாகவே அதிகம் வெளியே போவார்கள், எது காரணம் எது விளைவு என்று அந்தக் கணக்கால் மட்டும் பிரித்துவிட முடியாது. இருந்தாலும் இருபது நிமிடம் என்பது உங்களால் முடியக்கூடிய அளவு, கெடுதல் இல்லாத அளவு, தொடங்குவதற்குப் போதுமான அளவு.

எந்த இடம் என்று கேட்பீர்கள். உங்கள் பாசனம் வராத வாய்க்காலாக, உங்கள் நிலம் கண்ணில் படாத கரையாக இருக்கட்டும். முள்ளியாற்றுப் பாலத்துக்கு அப்பால் நிழலுள்ள கரை போதும். கோயில் குளத்துப் படிக்கட்டு போதும். உங்கள் பக்கத்திலேயே உதயமார்த்தாண்டபுரம் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்கியபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு போய் உட்காருங்கள். அங்கே நத்தைக்குத்தி நாரையைத் தேடிப் பாருங்கள். அதன் மேல் அலகும் கீழ் அலகும் நுனியில்தான் சேரும். நடுவில் பாக்குவெட்டி திறந்ததுபோல ஓர் இடைவெளி இருக்கும். அது சேற்றில் அலகை நுழைத்து, தலையை ஆட்டி ஆட்டி, ஓட்டிலிருந்து நத்தைச் சதையை மட்டும் உருவி எடுக்கும். முதல்முறை நான் அதைப் பார்த்தபோது ஒரு நத்தைக்கு எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்ததில், அன்று காலை மனத்தில் வைத்துக்கொண்டு வந்த கவலை எது என்று தேட வேண்டியிருந்தது. அந்தப் பறவை உங்கள் வயலிலும்தான் இறங்குகிறது. ஆனால் அங்கே நீங்கள் அதைப் பார்க்க நின்றிருக்க மாட்டீர்கள், நாற்றை மிதிக்கிறதே என்று கையை வீசியிருப்பீர்கள்.

என்ன செய்ய வேண்டும் என்றால், ஏறக்குறைய ஒன்றும் செய்ய வேண்டாம். உட்காருங்கள் அல்லது மெதுவாக நடங்கள். மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக விடுங்கள். அப்படி விடும்போது இதயத் துடிப்பைத் தணிக்கும் நரம்பு வேலை செய்யத் தொடங்குகிறது, படபடப்பு இறங்குவது உங்களுக்கே தெரியும். காதில் விழும் சத்தங்களைத் தனித்தனியாகப் பிரித்துக் கேளுங்கள். கவலை வரும், வந்தால் விரட்ட வேண்டாம், மறுபடி நீரையோ பறவையையோ பார்த்தால் போதும். முதல் வாரம் சலிப்பாக இருக்கும், நேரத்தை வீணடிக்கிறோமே என்ற குற்ற உணர்வும் வரும். உழைத்தே பழகியவர்களுக்கு அந்தக் குற்ற உணர்வுதான் பெரிய தடை. என் தாத்தா அந்தக் காலத்தில் வயலிலிருந்து நேரே வீட்டுக்கு வந்து நான் பார்த்ததில்லை. மண்வெட்டியைக் கழுவி வைத்துவிட்டு, விளக்கு வைக்கும் நேரம் வரை மதகுக் கட்டையில் உட்கார்ந்திருப்பார், பக்கத்தில் இன்னும் நாலு பேர் இருப்பார்கள், பேச்சும் அதிகம் இருக்காது. அவரை யாரும் சோம்பேறி என்று சொன்னதில்லை.

நேரத்தைப் பொறுத்தவரை, உங்களுக்குக் காலைப் பொழுதை நான் அழுத்திச் சொல்வேன். சூரியன் எழுந்த முதல் ஒரு மணி நேரத்துக்குள் கண்ணில் படும் வெளிச்சம், உடம்பின் உள்கடிகாரத்தைச் சரிசெய்கிறது. பகல் எப்போது தொடங்கியது என்று மூளைக்குத் தெளிவாகத் தெரிந்தால்தான் இரவு எப்போது என்பதும் தெரியும். மூன்று மணிக்கு விழிப்பவர்கள் பலர் அங்கேயே கைபேசியை எடுத்து, அதன் வெளிச்சத்தால் அந்தக் கடிகாரத்தை மேலும் குழப்பிக்கொள்கிறார்கள். சித்திரை, வைகாசி வெயிலில் பதினொன்றிலிருந்து மூன்று மணி வரை வெளியே உட்கார வேண்டாம். அந்தி சாய்ந்தபின் கரையில் நடப்பதாக இருந்தால் டார்ச் விளக்கும் செருப்பும் இல்லாமல் போகாதீர்கள். விரியன் நடமாடும் நேரம் அது.

தென்னந்தோப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2018 நவம்பர் 16 விடியற்காலை சாய்ந்த அந்த நாற்பது மரங்களைப் பற்றி ஒரே வாக்கியத்தில் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டீர்கள். தென்னை வைத்தவர்களுக்கு அது வருமானம் மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். எந்தக் குழந்தை பிறந்தபோது எந்தக் கன்று வைத்தோம் என்று நினைவு வைத்திருப்பவர்கள் நீங்கள். அந்த இழப்புக்காக அழுதீர்களா, யாரிடமாவது பேசினீர்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. நிலத்தை நேசிப்பவருக்கு நிலம் காயப்பட்டால் அந்த நிலமே வலியை நினைவூட்டும் இடமாகிவிடும். வேரோடு பிடுங்கிய குழிகளுக்கு நடுவில் உட்கார்ந்து மனம் ஆறும் என்று எதிர்பார்க்க முடியாது. அதனால் இந்த இருபது நிமிடத்திற்குத் தோப்பைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அதே நேரம் அந்தப் பக்கமே போகாமல் ஒதுங்கவும் வேண்டாம், ஒதுங்க ஒதுங்கப் பயம் பெருகும். மருத்துவரிடம் பேசத் தொடங்கிய பிறகு, மகளோடு ஒருநாள் போய் வாருங்கள்.

இதய மருத்துவர் ஒன்றுமில்லை என்றது நல்ல செய்தி, ஆனால் உங்களுக்கு ஒன்றுமே இல்லை என்று அதற்குப் பொருளில்லை. பதற்ற நோயில் நெஞ்சு படபடப்பதும் கை நடுங்குவதும் முழுக்க உண்மையான உடல் மாற்றங்கள். விடியலுக்கு வெகு முன்பே விழிப்பு வருவதும், வாழ்க்கையில் பிடிப்பு குறைவதும் சேர்ந்திருப்பதால், பதற்றத்தோடு மனச்சோர்வும் இருக்கலாம் என்று எனக்குச் சந்தேகம். நேரில் பார்த்துத்தான் உறுதி செய்ய முடியும். தைராய்டு, சர்க்கரை, ரத்தசோகை மூன்றையும் பார்க்கச் சொல்வார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். மருந்து எழுதிக் கொடுத்தால் அது முழுமையாக வேலை செய்ய இரண்டிலிருந்து ஆறு வாரம்வரை ஆகும் என்பதைத் தெரிந்துகொண்டு பொறுங்கள். கொஞ்சம் தேறியதும், ஆற்றங்கரையே போதும் என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இயற்கையும் மருந்தும் ஒன்றுக்கொன்று போட்டி இல்லை. நடந்து, வெளிச்சத்தில் இருந்து, நன்றாகத் தூங்குபவருக்கு மருந்தும், மனநல ஆலோசகரோடு பேசிப் பெறும் சிகிச்சையும் இன்னும் நன்றாகப் பிடிக்கும். மருந்துக் கடையில் நீங்களாக வாங்கும் தூக்க மாத்திரை வேறு வகை, அது பழக்கமாகிவிடும். எத்தனை நாள் போட்டீர்கள், என்ன பெயர் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், தினமும் போட்டுவந்திருந்தால் திடீரென்று நிறுத்தாமல் அவர் சொல்கிறபடி குறையுங்கள். தூக்கத்துக்காக மது குடிக்கும் பழக்கம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். மது முதல் இரண்டு மணி நேரம் உறங்க வைத்து, உங்களை அதே மூன்று மணிக்கு எழுப்பிவிடும்.

கவலைப்படுவதற்கு உண்மையான காரணங்கள் உங்களுக்கு இருக்கின்றன, அவற்றை ஆற்றங்கரை தீர்த்துவிடாது. பயிர்க் காப்பீடு, கூட்டுறவுக் கடன், அடுத்த போகத்துக்கான செலவு ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி, மாலையில் அரை மணி நேரம் மனைவியோடு உட்கார்ந்து அதை மட்டும் பேசுங்கள். இரவில் அதே கவலை வந்தால், நாளை மாலை நோட்டுக்கு என்று ஒதுக்குங்கள். தலைமாட்டில் ஒரு பேனா வைத்து ஒரு சொல்லில் குறித்துவிட்டால் இன்னும் எளிது.

மேட்டூர் நீர்மட்டத்தை ஒரே நாளில் பத்து முறை பார்ப்பதால் அணையில் ஓர் அங்குலம்கூட ஏறப்போவதில்லை என்று உங்களுக்கும் தெரியும். ஆனாலும் பார்க்காமல் இருக்க முடியாமல் தவிப்பது நோயின் பகுதி, அதனால் அதை உங்கள் மன உறுதியிடம் விட்டுவிட வேண்டாம். காலையில் கரைக்குக் கிளம்பும்போது கைபேசியை மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். நீங்கள் திரும்பி வந்து காபி குடிக்கும்போது அன்றைய நீர்மட்டத்தை அவர் ஒரு முறை படித்துச் சொல்லட்டும், அன்றைக்கு அவ்வளவுதான். மருத்துவமனைக்கு மகளையும் அழைத்துப் போங்கள். இந்தக் கடிதத்தில் எனக்கு எழுதியதை அப்படியே மருத்துவரிடம் சொல்ல உங்களுக்குக் கூச்சமாக இருந்தால், அவரிடம் இதைப் படிக்கக் கொடுங்கள். போய்வந்த பிறகு எனக்கு எழுதுங்கள், காத்திருப்பேன்.